ஸ்டெர்ன் வீட்டு அலுமாரி

மெல்பேர்ணின் கேம்பர்வெலில் டொக்டர் அரியரத்தினத்தின் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் மறக்காது. ஒன்று, அங்கே நிற்க வேண்டியிருந்தது. மற்றது, நின்றபடியே கேட்க வேண்டியிருந்தது.

கதிரைகள் இல்லாமலில்லை. முன்னறை நிறையக் கதிரைகள்தான். எல்லாம் ஜெர்மனியில் இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு முன் செய்தவை. முதுகுப் பலகையில் இதய வடிவில் துளை போட்டவை, கால்களைப் பரப்பிக்கொண்டு தவளை மாதிரி நிற்பவை. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு சிவப்புப் பட்டு நாடா கட்டியிருந்தது. சுவரோரம் தாடிக்கார முகம் பதித்த கற்சாடிகள், மூடி போட்ட வெள்ளீயக் குவளைகள், மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்புப் பெட்டகம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர், காலம் தட்டச்சில் அடித்த சின்னக் கார்டு.

அரியரத்தினம் மயக்க மருந்து டொக்டர். லண்டனில் படித்துவிட்டு, அங்கேயே வாங்கிய சாமான்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு எழுபத்தொன்றில் மெல்பேர்ணுக்கு வந்தவர். ‘ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மயக்குகிறவர், வீட்டில் ஊசி இல்லாமலே மயக்குவார்’ என்று அந்நாளில் மெல்பேர்ணிலிருந்த ஒரு கைப்பிடித் தமிழர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். முகத்துக்கு முன்னால் யாரும் சிரிக்கவில்லை. விசாவுக்குப் பரிந்துரை, ஆஸ்பத்திரியில் அறிமுகம் என்று அவரிடம் போகவேண்டிய தேவை எல்லோருக்கும் இருந்தது.

ஏன் ஜெர்மன் சாமான் என்று ஒருமுறை யாரோ கேட்டுவிட்டார்.

“இங்கிலீஷ்காரன்ர சாமானை எங்கட ஆக்கள் எல்லாரும் மெச்சுவினம். பிரெஞ்சுச் சாமான் புதுப் பணக்காரருக்கு. ஜெர்மன் சாமானுக்குத்தான் கண் வேணும்” என்றார் டொக்டர். பிறகு கேட்டவருடைய கண்களைப் பார்த்தார். அவை போதாது என்று அவருக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் தகடு ஒட்டிய லமினெக்ஸ் மேசையில் சாப்பிடுகிறவர்களோடு இதைப் பற்றி என்ன கதைப்பது என்று மனைவியிடம் பிறகு சொன்னார்.

மனைவி விமலாதேவி குசினிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த வீட்டில் சொந்தமாக இருந்தது குசினி. அங்கேதான் உட்காரக் கூடிய கதிரைகள் இருந்தன. ஓவியர்கள் பாவிக்கும் தூரிகையால் சித்திர வேலைப்பாடுகளில் படியும் தூசியைத் தட்டுவது அவளுடைய வேலை. மற்றவர்கள் துடைத்தால் கீறிவிடுவார்கள் என்று டொக்டர் பயந்தார். அவள் துடைத்துக் கீறினால் திட்டலாம் அல்லவா?

எல்லாவற்றுக்கும் தலைவன் மாதிரி முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு அலுமாரி நின்றது. வால்நட் மரம். கூரையைத் தொடும் உயரம். இரண்டு கதவுகளிலும் அலை அலையாய்ச் செதுக்கு. இரு பக்கமும் முறுக்கிப் பிழிந்த சேலை போன்ற இரண்டு தூண்கள். கார்டில் ‘பிராங்பேர்ட், ஏறத்தாழ 1690’ என்று இருந்தது.

“இதை நல்லாப் பாருங்கோ” என்று வந்தவர்களிடம் டொக்டர் சொல்வார். “சோடித் தூண் எண்டால் முறுக்கு ஒண்டுக்கொண்டு எதிராய்ப் போகவேணும், கண்ணாடியில பார்க்கிற மாதிரி. இதில ரெண்டும் ஒரே பக்கம் திரும்புது. ஏன் தெரியுமோ?”

யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் விடமாட்டார்.

“குறையில்லாத வேலை கடவுளுக்கு மட்டும்தான். அந்தத் தச்சன் தன்ர ஆணவத்தை அடக்க, வேணுமெண்டு ஒரு பிழையை விட்டிருக்கிறான். அந்தப் பணிவைப் பாருங்கோ!”

வந்தவர்கள் பணிவைப் பார்த்தார்கள். கால் உளைந்தது. பிறகு குசினிக்குப் போய் விமலாதேவி தந்த வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் அவருடைய அக்கா நாகலட்சுமியும் அத்தான் மகேந்திரராஜாவும் வந்து சேர்ந்தார்கள். நாகலட்சுமி அனுராதபுரத்தில் ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர். அத்தான் நீர்ப்பாசனப் பகுதியில் கிளாக்கர். முந்தின ஆவணிக் கலவரத்தில் அவர்களுடைய வீடு சூறையாடப்பட்டு எரிந்துபோனது. அகதி முகாமிலிருந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தம்பிக்குத் தந்தி அடித்து, விசிட்டர் விசாவில் வந்தார்கள். ஆளுக்கொரு தோல்பை. அதற்குள்ளும் பாதி மற்றவர்கள் கொடுத்த உடுப்புகள்.

டொக்டர் அவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து முன்னறையில் நிறுத்தினார். அந்த நிலையிலும் அலுமாரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாகலட்சுமி சுற்றிப் பார்த்தாள்.

“எல்லாம் வடிவாய்த்தான் கிடக்கு, தம்பி. ஆக்கள் இருக்கிற இடம் எங்க?”

ஆட்கள் இருக்கிற இடம் பின்பக்கம், கண்ணாடி போட்டு அடைத்த விறாந்தையில் என்று தெரியவந்தது. இரண்டு முகாம் கட்டில்கள் போட்டிருந்தார்கள். விருந்தினர் அறை என்று ஒன்று இருந்தது. அதில் பூவும் குருவியும் தீட்டிய பவேரியாக் கட்டில் ஒன்று நின்றது. கார்டும் நின்றது.

“அது ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம், அக்கா. அதில படுக்கேலாது” என்றார் டொக்டர்.

“படுக்கேலாத கட்டில் இருக்கு. படுக்கக் கட்டில் இல்லை” என்றாள் நாகலட்சுமி. “நல்ல வீடு.”

மகேந்திரராஜா அவளுடைய கையை மெல்லத் தட்டினார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான். ஒருநாளும் பயன் கிடைத்ததில்லை.

குளிர்காலம் வந்தபோது விறாந்தைக் கண்ணாடியில் பனி படிந்தது. விமலாதேவி தன் கம்பளிப் போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சாள்மார் இருவரும் குசினியிலேயே வாழ்ந்தார்கள். நாகலட்சுமி தூரிகையைக் கையில் வாங்கித் தூசி தட்ட உதவியபோது, தாடிக்காரச் சாடிகளுக்கு ஊரிலிருந்த பள்ளிக்கூட அதிபர், வட்டாரக் கல்வி அதிகாரி என்று பெயர் வைத்தாள். விமலாதேவி அந்த வீட்டுக்கு வந்தபிறகு முதன்முதலாக முன்னறையில் நின்று சிரித்தாள். டொக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்டுமில்லை. சாடியைப் பார்த்தனாங்கள்” என்றாள் நாகலட்சுமி.

அந்த வசந்தத்தில் ஒரு பத்திரிகையின் வார இதழில் டொக்டரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அலுமாரியின் முன்னால் கைகட்டி நிற்கும் படம் ஒரு பக்கத்தை நிறைத்திருந்தது. ‘கிழக்கிலிருந்து வந்த கண்’ என்று தலைப்பு. டொக்டர் இருபது பிரதி வாங்கினார். நகரத்துக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து, அடுத்த வருஷக் கண்காட்சிக்கு அலுமாரியை இரவல் கேட்டுத் தொலைபேசி வந்தது. அவர் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயும் கோட் போட்டுக்கொண்டு நடந்தார்.

கட்டுரையைப் பார்த்து இன்னொரு அழைப்பும் வந்தது. மிஸ் ஸ்டெர்ன் என்று ஒரு பெண். அலுமாரியைப் பார்க்க வரலாமா என்று கேட்டாள். ஜெர்மன் சாயல் விழுந்த ஆங்கிலம். டொக்டர் மகிழ்ந்து போனார். கடைசியில் தகுதியுள்ள ஒருத்தி வருகிறாள்!

சனிக்கிழமை பிற்பகல் மிஸ் ஸ்டெர்ன் எல்வூட்டிலிருந்து ட்ராம் மாறி மாறி வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, தானே தைத்த சாம்பல் நிறக் கோட். நகரத்தில் ஒரு தையல் பட்டறையில் இத்தனை காலமும் வேலை செய்தவள். டொக்டர் அவளுக்காக ஒரு கதிரையின் பட்டு நாடாவைக்கூட அவிழ்த்தார். அவள் உட்காரவில்லை. அலுமாரியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். நாகலட்சுமி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள்.

டொக்டர் தொடங்கினார். மரம், செதுக்கு, காலம். பிறகு தூண்கள். கடவுளுக்கு முன்னால் பணிந்த தச்சனின் கதையை முடித்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். மிஸ் ஸ்டெர்ன் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டு இல்லை. ஆனால் தோள் குலுங்கியது.

“மன்னியுங்கள்” என்றாள் ஆங்கிலத்தில். “அது கடவுள் இல்லை. அது என் சித்தப்பா ஓட்டோ.”

“யார்?”

“என் அப்பாவின் தம்பி. சிறுவனாய் இருந்தபோது மழைநாளில் வீட்டுக்குள் சைக்கிள் ஓடினார். வலதுபக்கத் தூணில் மோதி அதை முறித்துவிட்டார். தெருமுனைத் தச்சன் புதிது செய்து தந்தான். முறுக்கை மாற்றிப் போட்டுவிட்டான். தாத்தா அவனோடு சாகும்வரை பேசவில்லை. அடியில் பாருங்கள், வால்நட் இல்லை. மலிவான பீச் மரத்துக்குச் சாயம் பூசியது.”

 டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிராங்பேர்ட்டில் இப்படிப்பட்ட அலுமாரி நூற்றுக்கணக்கில் செய்தார்கள், மடம்.”

“ஆமாம். சைக்கிள் மோதியது இது ஒன்றுதான்.”

அவள் நிதானமாகச் சொன்னாள். முப்பத்தொன்பதில் அவளையும் அவளுடைய அண்ணனையும் மட்டும் அவளுடைய தகப்பன் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். தாயும் தகப்பனும் வர முடியவில்லை. நாஜிகள் அவர்களைக் கொண்டுபோன பிறகு வீட்டுச் சாமான்களை முற்றத்தில் அடுக்கி ஏலம் போட்டார்கள். அயலவர்கள் வந்து வாங்கினார்கள். போர் முடிந்தபின் ஒரு பழைய வேலைக்காரி சொல்லித்தான் இவ்வளவும் தெரியும்.

“நான் இதைச் சட்டப்படி வாங்கினேன். என்னிடம் பற்றுச்சீட்டு இருக்கிறது” என்றார் டொக்டர். அவருடைய குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறியிருந்தது.

“இருக்கும். அவர்களிடமும் இருந்தது. யூதர் வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பற்றுச்சீட்டு எழுதித்தான் விற்றார்கள்.”

“உங்களுக்கு என்ன வேண்டும்?”

“அலுமாரி வேண்டாம். என் பிளாட்டின் கதவுக்குள் இதன் தலைகூட நுழையாது. அந்தக் கார்டில் ஒரு வரி சேருங்கள். இது ஸ்டெர்ன் குடும்பத்துடையது, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று. அவ்வளவுதான். வருகிறவர்கள் தச்சனின் பணிவைப் பற்றிக் கேட்கும்போது எங்களைப் பற்றியும் கேட்கட்டும்.”

டொக்டர் யோசித்தார். ஒரு மனிதன் நல்லவனாவதற்கு இதைவிட மலிவான சந்தர்ப்பம் வாழ்க்கையில் கிடைக்காது. ஒரு வரி. தட்டச்சு இயந்திரம் மாடியில் இருந்தது. ஆனால் அவர் யோசித்தது கண்காட்சியைப் பற்றி. அந்த வரியை எழுதினால் அலுமாரி இனி அவருடைய கண்ணுக்குச் சாட்சியாக இராது. வேறொருவருடைய துயரமாகிவிடும். போதாததற்கு அந்தச் சைக்கிள்.

“ஆதாரமில்லாமல் எழுத முடியாது” என்று சொல்லி, வாசற்கதவைத் திறந்து பிடித்தார். நாகலட்சுமி கொண்டுவந்த தேநீர் தட்டிலேயே ஆறிக்கிடந்தது.

நாகலட்சுமி தட்டை இரும்புப் பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு மிஸ் ஸ்டெர்னோடு ட்ராம் நிறுத்தம் வரைக்கும் நடந்து போனாள். திரும்பி வந்தபோது டொக்டர் அலுமாரியின் வலதுபக்கத் தூணடியில் முழங்காலில் கிடந்தார். ஒரு கையில் பூதக்கண்ணாடி. மறுகையில் சின்னக் கத்தி. சுரண்டிய இடத்தில் வெளிறிய மரம் தெரிந்தது. அக்காவைக் கண்டதும் அந்த இடத்தைக் கையால் மூடினார்.

“பீச்சோ?” என்று கேட்டாள் அவள்.

அவர் கத்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் நால்வரும் இருந்து சாப்பிட்டார்கள். புட்டும் மீன்குழம்பும்.

“ஒரு வரி எழுதினால் என்ன குறையும், தம்பி?”

“அக்கா, உங்களுக்கு இது விளங்காது. நான் ஒருத்தற்றையும் களவெடுக்கேல்ல. லண்டனில மரியாதையான கடையில வாங்கினனான்.”

“எங்கட கண்ணாடி அலுமாரி ஞாபகமிருக்கே? அம்மா சீதனமாய்த் தந்தது. முகாமுக்கு எங்களை லொறியில ஏத்திக்கொண்டு போகேக்க அதைக் கண்டனான். நாங்கள் பாண் வாங்கிற கடை விறாந்தையில நிண்டது. கடைக்காரன் அதில தலை இழுத்துக்கொண்டு நிண்டான். என்னைக் கண்டவன். சீப்பைத் தலையிலயிருந்து எடுக்கேல்ல.”

“அதையும் இதையும் ஒண்டாக்காதேங்கோ!”

“ஒண்டில்லைத்தான்” என்றாள் நாகலட்சுமி. “பாண்கடைக்காரன் படிக்காதவன். அலுமாரியைப் பற்றி ஒருத்தருக்கும் பிரசங்கம் வைக்கேல்ல. நீ களவுச் சாமானுக்கு விளக்குப் போட்டு, அதுக்குள்ள கடவுளைக் காட்டுறாய்.”

“நாகு, நாங்கள் இந்த வீட்டுச் சோறு தின்னுறம்” என்றார் மகேந்திரராஜா மெதுவாக.

“சோறு விமலா சமைச்சது.”

விமலாதேவி எழுந்து இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுவந்து மச்சாளுடைய கோப்பையில் முதலில் ஊற்றினாள். டொக்டர் தன் கோப்பையை நீட்டியபடி காத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கலைக்கூடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கூடவே பழம்பொருள் சேர்ப்போர் சங்கத்திலிருந்து ஒரு தம்பதி. அன்று அக்காவையும் அத்தானையும் விறாந்தையை விட்டு வரவேண்டாம் என்று டொக்டர் கேட்டிருந்தார். வந்தவர்களுக்குத் தூணைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவ்வளவு மானம் மிச்சமிருந்தது. அலைச் செதுக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாகலட்சுமி உள்ளே வந்தாள். இருபத்தைந்து வருஷம் வகுப்பறைகளின் கடைசி வாங்குவரை கேட்ட குரல் அவளுடையது.

“இது பிராங்பேர்ட்டில் ஸ்டெர்ன் குடும்பத்தின் அலுமாரி. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர்களுடைய மகள் எல்வூட்டில் இருக்கிறார். கேட்கலாம்.”

அதிகாரி கார்டைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார். “இதை நீங்கள் சொல்லவில்லையே?”

டொக்டர் சிரித்தார். ஒரு விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். “என் அக்கா. இலங்கையில் நடந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு பாவம், எதைக் கண்டாலும் களவு போனது என்று நினைக்கிறார்.”

சங்கத் தம்பதி இரக்கத்தோடு தலையை ஆட்டினார்கள். நாகலட்சுமி அசையாமல் நின்றாள். அவளுடைய முகத்தில் கோபம் வரவில்லை. பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளையைப் பார்ப்பது போலத் தம்பியைப் பார்த்தாள்.

அப்போது குசினிக் கதவருகிலிருந்து விமலாதேவி பேசினாள். ஏழு வருஷமாக அந்த அறையில் விருந்தினர் முன்னால் அவள் பேசியது ‘சீனி போடவா?’ என்பது மட்டும்தான்.

“அவவுக்கு விசரில்லை. அவ சொன்னது உண்மை. வலதுபக்கத் தூண் பீச் மரம். இவர் சுரண்டிப் பார்த்தவர். இடத்தைக் காட்டட்டோ?”

அவசரத்தில் பாதியைத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு முழுவதையும் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கண்காட்சி பற்றிப் பிறகு தொடர்புகொள்வதாகச் சொன்னார். தொடர்புகொள்ளவில்லை.

அவர்கள் போனதும் டொக்டர் கத்தினார். அக்கா தன் வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்றார். “எவ்வளவு செய்தனான்! நன்றி கெட்ட சாதி!”

“ஒரே சாதிதான், தம்பி. ஒரே தாய் வயிறு” என்றாள் நாகலட்சுமி. “அதுதான் எனக்கு வெக்கமாய்க் கிடக்கு.”

தங்கும் அனுமதி அந்த மாதம்தான் கிடைத்திருந்தது. மகேந்திரராஜா டண்டினொங்கில் ஒரு தகரப் பேணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டறை பிளாட் எடுத்தார்கள். முதல் நாள் அவர்கள் வாங்கியது ஒரு கட்டில். படுக்கக் கூடியது.

அக்காவைத் துரத்தினால் கதை முடியும் என்று டொக்டர் நினைத்திருக்க வேண்டும். கதை அதற்குள் ட்ராமிலும் ரயிலிலும் ஏறி எங்கெல்லாமோ போய்விட்டது. தமிழ்க் குடும்பங்கள் இப்போது கேளாமலே கேம்பர்வெலுக்கு வந்தன. மரியாதையாக நின்றன. பிறகு யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: “அங்கிள், விச் ஒன் டிட் த பைக் ஹிட்?” பெற்றோர்கள் பிள்ளையை அதட்டிவிட்டு, தாங்களும் வலதுபக்கத் தூணைப் பார்ப்பார்கள். அவர் அறையை விட்டுப் போனபிறகு விமலாதேவி, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும், ஸ்டெர்ன் குடும்பத்தைப் பற்றி முழுவதையும் சொன்னாள்.

மனச்சாட்சி அவரைக் குத்தியதாக யாரும் நினைக்க வேண்டாம். அவரைக் குத்தியது சிரிப்பு. மற்றவர்களின் இரக்கத்தைக்கூட அவர் தாங்கியிருப்பார். தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை. சிட்னியில் ஒரு பழம்பொருள் வியாபாரிக்கு அலுமாரியைப் பேசி முடித்தார். ஏன் விற்கிறீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்: “ஒரு தூண் பிற்காலத்தில் மாற்றியது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். தரமான சேகரிப்பில் அப்படி ஒன்றை வைத்திருக்க முடியாது.”

அலுமாரியை ஏற்றிப்போக ஆட்கள் வருகிற நாளை விமலாதேவி மச்சாளுக்கும் மிஸ் ஸ்டெர்னுக்கும் சொல்லிவிட்டாள். கணவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது. அவ்வளவு பெரிய காரியமாக அவளுக்கு அது தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று பெண்களும் முன்னறைச் சுவரோரம் நின்று பார்த்தார்கள். அந்த மாதிரி அலுமாரிகள் ஆணியில்லாமல் ஆப்புகளால் பொருத்தப்பட்டவை. ஆட்கள் ஆப்புகளைத் தட்டிக் கழற்ற, முதலில் தலைப்பலகை இறங்கியது. பிறகு கதவுகள். பிறகு பக்கங்கள். அவ்வளவு பெரிய கம்பீரம் கொஞ்ச நேரத்தில் ஒரு பலகைக் குவியலானது. உள்ளேயிருந்து பழைய கற்பூர நெடி அடித்தது.

மிஸ் ஸ்டெர்ன் அழுவாள் என்று விமலாதேவி பயந்து, கைக்குட்டை எடுத்து வைத்திருந்தாள்.

“என் அம்மா இதை வெறுத்தாள்” என்றாள் மிஸ் ஸ்டெர்ன். “மாமியார் வீட்டுப் பூதம் என்று சொல்லுவாள். இந்த அலைகளுக்குள் தூசி துடைத்தே சாகப்போகிறேன் என்பாள்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்படிச் செத்திருக்கலாம்.”

விமலாதேவி கைக்குட்டையைத் தன் கண்ணுக்கே பாவித்தாள்.

அந்த நேரத்தில் டொக்டர் வந்தார். ஆட்கள் கீறிவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரத்தோடு வெளிக்கிட்டிருந்தார். மூன்று பெண்களையும் கண்டு வாசலிலேயே நின்றார்.

“சிட்னியில் வாங்குகிறவரிடம் சொன்னீர்களா, டொக்டர்?” என்று கேட்டாள் மிஸ் ஸ்டெர்ன்.

“அவர் கேட்கவில்லை.”

“இல்லை. யாரும் கேட்பதில்லை.” அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல தையற்காரி ஒரு மட்டமான துணியைப் பார்த்துவிட்டு, விலை கேட்காமலே திரும்ப வைப்பது போல இருந்தது அந்தப் பார்வை. “நான் கேட்டது ஒரு வரி. அதைத் தராமலிருக்க நீங்கள் முழு அலுமாரியையும் கொடுத்துவிட்டீர்கள்.”

பிறகு அவர் அங்கே இல்லாதது போல விமலாதேவியின் பக்கம் திரும்பி, தேநீர் இருக்கிறதா என்று கேட்டாள்.

பெண்கள் குசினிக்குப் போனார்கள். ஆட்கள் கடைசிப் பலகையை ஏற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். முன்னறையில் டொக்டர் தனியே நின்றார். கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அக்கா எதையோ சொல்ல, மிஸ் ஸ்டெர்ன் உரத்துச் சிரித்தாள். கோப்பைகள் தட்டுப்பட்டன. அவரை யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர் சிறிது நேரம் எதிர்பார்த்தார்.

“விமலா, எனக்கும் தேத்தண்ணி” என்று கடைசியில் குரல் கொடுத்தார்.

“கேத்திலுக்க கிடக்கு. வந்து வாத்துக் குடியுங்கோ.”

போனால் அந்த மேசையில் அவர்களோடு உட்கார வேண்டும். அவர் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் விமலாதேவி கோட் போட்டுக்கொண்டு கார்த் திறப்போடு வெளியே வந்தாள். பின்னால் மற்ற இருவரும்.

“மிஸ் ஸ்டெர்னையும் கூட்டிக்கொண்டு மச்சாள் வீட்டை போறன். டண்டினொங்கில சாப்பாடு. உங்களுக்கு பிரிட்ஜில சோறு கிடக்கு.”

“எப்ப வருவீர்?”

அவள் கையுறையை மாட்டியபடி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“தெரியாது” என்றாள்.

கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் தேயும்வரை அவர் நின்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அளவு நாடாவை எடுத்துவந்து, வெறுமையான சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அளக்கத் தொடங்கினார்.